பசித்த பிள்ளையும் பார்த்திருந்தோரும்

2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை சென்னைப் பட்டினப்பாக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்துக் குடிசைகளைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு இரண்டாம் நாள், நம்மிடம் ஓதிக்கொண்டிருந்த மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு உணவுப் பொட்டலங்களுடன் நாம் அங்குச் சென்றிருந்தோம். மக்கள் வரிசையில் நின்றார்கள். பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் ஒரு பொட்டலம் வாங்கிப் போனான். சற்று நேரத்தில் அவனே மீண்டும் வந்து வரிசையில் நின்றான். நமக்கு உதவியாக நின்ற கனவான் ஒருவர், “ஹஜ்ரத், இந்தப் பயல் முன்னமே வாங்கிவிட்டான். இந்த வயதிலேயே எவ்வளவு கள்ளத்தனம் பாருங்கள்!” என்றார். நாமும் ஆமென்று தலையசைத்தோம். “தம்பி, நீ வாங்கியாயிற்று, மற்றவர்களுக்கு வழிவிடு” என்று அவனை அனுப்பினோம். “சரி பாய்” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வரலாற்றுக் கட்டுரையைச் சொந்தக் கதையில் தொடங்குவது மரபன்று என்பதை அறிவோம். ஆயினும் பிறர் குற்றங்களை எழுதப் புகுமுன் நம் கணக்கையும் வைத்துவிடுவது நேர்மை என்று தோன்றியது. அந்த நாளை மீண்டும் நினைவூட்டியது காஸாவின் செய்தியாகும். 2025 ஆகஸ்ட் 22 அன்று, பஞ்சத்தை அளந்து வகைப்படுத்தும் பன்னாட்டு அமைப்பு, காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக முறைப்படி அறிவித்தது. அந்த ஆண்டில் நாம் எல்லோரும் கண்ட படங்களில் பிள்ளைகள் அலுமினியப் பாத்திரங்களை நீட்டியபடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நெருக்கினார்கள். அவற்றைப் பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணீர் வடித்தார்கள் என்று சொல்ல நமக்கும் ஆசைதான். தேநீர்க் கடையிலும் ரயில் பெட்டியிலும் படித்தவர் கூடிய அவையிலும் நம் காதில் விழுந்த பேச்சு வேறாக இருந்தது. வரிசையில் நிற்கத் தெரியவில்லையே. பெரியவன் சின்னவனைத் தள்ளுகிறானே. அதோ ஒருவன் சிரிக்கிறான், பசித்தவன் சிரிப்பானா. லாரியின்மேல் ஏறி மாவு மூட்டையை இழுப்பது கொள்ளையல்லாமல் வேறென்ன? பேசியவர்கள் கொடியவர் அல்லர். உண்டுவிட்டுப் பேசியவர்கள், அவ்வளவே.

அது பட்டினப்பாக்கத்துக் கனவானின் குரல். அதில் நம் தலையசைப்பும் இருந்தது. போர்க்காலத்தில் பசித்த பிள்ளையின் நடத்தையை வயிறு நிறைந்தவர் எடைபோடும் இவ்வழக்கம் எத்தனை காலத்துப் பழமையுடையது என்று தேடலானோம். தேடல் நம்மைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லவில்லை. நம் கடற்கரைக்கே திருப்பிவிட்டது.

பட்டினப்பாக்கத்துக்கு வடக்கே சாந்தோம், மேற்கே மயிலாப்பூர், தெற்கே அடையாற்றின் வாய். போரைப் பலமுறை கண்ட மண் இது. 1672-இல் பிரெஞ்சுக்காரர் கோல்கொண்டா சுல்தானின் ஆட்சியிலிருந்த சாந்தோம் கோட்டையைப் பிடித்தனர். கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சூழ்ந்து நிற்க, 1674 செப்டம்பரில் உணவின்றி வாடிப் பணிந்தனர். 1746-இல் இந்த ஆற்றங்கரையிலேதான் நவாபு அன்வருத்தீன்கானின் மைந்தர் மஹ்பூஸ்கானின் பெரும்படையை ஒரு சிறிய பிரெஞ்சுப் படை முறியடித்தது. இவற்றை யெல்லாம் விரித்தால் கட்டுரை நீளும். நம் பொருளுக்கு உரியது 1780-ஆம் ஆண்டின் போர்.

அவ்வாண்டு ஜூலையில் ஹைதர் அலி ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் கொண்ட படையுடன் கணவாய்களைக் கடந்து கருநாடகச் சமவெளியில் இறங்கினார். ஊர்கள் எரியும் கரும்புகை பரங்கிமலையிலிருந்து பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்ததென வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. கும்பினியார் இந்தியாவில் அதுவரை கண்ட தோல்விகளில் மிகப் பெரியது அது.

நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஹைதர் அலியின் வீரத்தையும் திப்பு சுல்தானின் ஷஹாதத்தையும் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள். அந்த மதிப்பு இன்றும் நம் உள்ளத்தில் குறையவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். கும்பினிப் படைக்கு ஒரு பிடி தானியமும் கிட்டாதபடி, சென்னையைச் சூழ்ந்த நாட்டைத் திட்டமிட்டு எரித்துப் பாழாக்கியவர் ஹைதர் அலியே. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பயிர் அழிந்தது. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்ட படைத்தலைவருக்குச் சொல்லியனுப்பிய கட்டளைகளை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார். பெண்களையும் பிள்ளைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிதரும் மரத்தை வெட்டலாகாது, குடியிருப்பைப் பாழாக்கலாகாது, உண்பதற்கன்றி ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கலாகாது என்பன அவற்றுட் சில. அந்த அளவுகோலால் அளந்தால் 1780-இன் புகைக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

மறுபக்கத்தாரின் கணக்கும் சிறிதன்று. ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்து மாளிகையிலிருந்து, பால் பென்பீல்டு போன்ற கும்பினி ஊழியரிடம் வட்டிமேல் வட்டியாகக் கடன் பெற்றிருந்தார். அதற்கு ஈடாக நாட்டின் வரிவருவாய் ஒப்படைக்கப்பட்டது. போர் வந்தபோது கோட்டையில் போதிய பணமுமில்லை, தானியமுமில்லை, வண்டி மாடுமில்லை. வங்காளத்திலிருந்து நவம்பரில் வந்திறங்கிய படைத்தலைவர் சர் அயர் கூட் போர்க்களத்தில் இருந்த நாளை விட அரிசிக்காகக் காத்திருந்த நாளே மிகுதி என்று சொல்லலாம்.

எரிந்த ஊர்களின் மக்கள் சென்னப்பட்டினத்தை நோக்கி வந்து குவிந்தனர். நகருக்குச் சோறு கடல்வழியாகத்தான் வரவேண்டும். அந்நாளில் சென்னையில் துறைமுகம் கிடையாது. வங்காளத்து அரிசிக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; மசூலாப் படகுகள் அலையோடு போராடி மூட்டைகளைக் கரை சேர்க்கும். 1782-இன் தொடக்கத்திலிருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரனின் கப்பல்கள் இக்கடலில் உலவியதால் அந்த வழியும் அச்சத்துக்குள்ளாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 15 அன்று அடித்த புயல், கரைக்கு எதிரே நின்றிருந்த அரிசிக் கலங்களை உடைத்தெறிந்தது. மனிதர் தொடங்கியதைக் காற்று முடித்துவைத்தது போலாயிற்று. நகரத் தெருக்களில் நாள்தோறும் மக்கள் மடிந்து வீழ்ந்தனர்.

இந்தப் பஞ்சத்தின் சின்னம் ஒன்று இன்றும் நம் நாவில் இருக்கிறது. 1782-இல் வடசென்னையில் ஊர் மணியக்காரரின் பொறுப்பில் கஞ்சி ஊற்றும் சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் மணிகர் ஆயிற்று; சத்திரம் மணிகர் சௌல்ட்ரி ஆயிற்று. பின்னர் அங்கே மருத்துவமனை எழுந்து, வளர்ந்து, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. பெயர்ப்பலகையில் எது எழுதியிருந்தாலென்ன, வண்ணாரப்பேட்டை, ராயபுரத்துப் பழங்குடியினர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே சொல்லி வந்தார்கள். அந்தத் தொட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகள் தள்ளிக்கொண்டார்களா, இரண்டாம் முறையும் வந்து நின்றார்களா? கஞ்சி ஊற்றியவர் அவர்களை என்ன பெயரிட்டு அழைத்தார்? அவர்களுள் ஒருவர் வாய்ச்சொல்லும் நம்மை வந்தடையவில்லை.

வந்தடைந்த சொல் ஒன்றுண்டு. அது இலண்டனில் பேசப்பட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேரிடி போன்றதோர் உரை நிகழ்த்தினார். கடன் கொடுத்த கயவர்களையும் அவர்களுக்குத் துணைநின்ற அமைச்சரையும் கிழித்தெறிந்த உரை அது. அதில் சென்னைப் பஞ்சத்தை அவர் வருணிக்கும் பகுதி ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. சென்னைத் தெருக்களில் நாளொன்றுக்கு நூறு பேரும், தஞ்சையில் எழுபது பேரும் மாண்டனர் என்று கூறுகிறார். கூறிவிட்டு, அவர்கள் எப்படி மாண்டனர் என்பதையும் சொல்கிறார்: அமைதியாக, பொறுமையாக, விதியென்று ஏற்று, கலகமோ குழப்பமோ இன்றி, முறையீடுகூட அனேகமாக இன்றி மாண்டார்களாம்.

பர்க் ஒருநாளும் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். அவர் நெஞ்சில் ஈரமிருந்தது என்பதில் ஐயமில்லை. இந்நாட்டு ஏழைக்காக அந்த அவையில் அத்தனை உரக்கப் பேசியவர் அன்று வேறு யார்? ஆயினும் அந்தப் புகழுரையை ஒருமுறை நிதானித்துப் பார்க்க வேண்டும். இறந்தவர் இரக்கத்துக்கு உரியவர் என்று மெய்ப்பிக்க, அவர்கள் கலகம் செய்யவில்லை என்னும் நற்சான்று அங்கே தேவைப்பட்டிருக்கிறது. மணியக்காரர் சத்திரத்தின் முன் ஒரு சிறுவன் பக்கத்துப் பிள்ளையின் சட்டியைத் தட்டிப் பறித்திருந்தால் அவன் அந்த உரையில் இடம்பெற்றிருப்பானா? தாயின் பிணத்தருகே நின்று கூச்சலிட்டு அதிகாரியின்மேல் கல்லெறிந்திருந்தால்? இரக்கமுடையவரே பசித்தவனுக்கு முதலில் ஒழுக்கத் தேர்வு வைத்துவிடுகிறார். இரக்கமில்லாதவர் வைக்கும் தேர்வு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றியும் இங்கே எழுதலாம். நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியத்தில் ஒரு மனிதன் உழைக்க முடியுமென்று கணக்கிட்ட சர் ரிச்சர்டு டெம்பிளையும், அதனை எதிர்த்து வாதிட்ட சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷையும் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். அது போர்ப் பஞ்சமன்று. ஆதலின் ஈண்டு விடுகிறோம்.

அடுத்து நாம் செல்லவேண்டிய இடம் வங்காளம், ஆண்டு 1943. சென்னையின் பசியைத் தன் அரிசியால் ஒருகாலத்தில் ஆற்றிய அந்த நாடு, இரண்டாம் உலகப் போரின் நடுவில் தானே பசித்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. பகைவன் கைக்குப் போகக்கூடாதென்று கடலோர மாவட்டங்களிலிருந்து அரிசியை அரசு அகற்றியது. ஆயிரக்கணக்கான படகுகளைப் பறித்தது. 1942 அக்டோபரில் மிதுனபுரியைப் புயல் தாக்கியது. போர்ச் செலவால் விலை ஏறிற்று, பதுக்கியவன் கொழுத்தான், கூலிக்காரனும் மீனவனும் வாங்கும் வலியிழந்தனர். சர் ஜான் உட்ஹெட் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1945-இல் இறந்தோர் தொகை ஏறத்தாழ 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சம் வரை சொல்லுகின்றனர்.

கல்கத்தாவுக்கு வந்த கிராமத்தார் வீட்டு வாயில்களில் நின்று சோறு கேட்கவில்லை. அவர்கள் கேட்டது ‘ஃபேன்’, அதாவது சோறு வடித்த கஞ்சி. மாட்டுக்கு ஊற்றும் வடிகஞ்சியைத் தங்களுக்கு ஊற்றும்படி கேட்டார்கள். சோறு கேட்பதற்குக்கூட அவர்களுக்கு நாணம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தணிக்கைக்கு அஞ்சிப் பலர் அடக்கி வாசித்த நேரத்தில், 1943 ஆகஸ்டு 22 அன்று ஸ்டேட்ஸ்மன் நாளேடு தெருப் பிணங்களின் படங்களை வெளியிட்டது. ஜைனுல் ஆபிதீன் என்ற இளம் ஓவியர் மலிவான தாளில் கருமையால் அந்த மக்களை வரைந்தார். காகமும் நாயும் எலும்புந் தோலுமான குழந்தையும் ஒரே குப்பையைக் கிளறும் அந்தச் சித்திரங்களில் யாரையும் அவர் குறைகூறவில்லை. யாருக்கும் நற்சான்றும் வழங்கவில்லை. கண்டதை வரைந்தார்.

இனி விசாரணைக் குழுவின் அறிக்கைக்கு வருவோம். அதில் சாட்சி ஒருவரின் கூற்று இடம்பெறுகிறது. பஞ்சத்துப் பிள்ளைகளிடம் அலைந்து திரியும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அதனை நிறுத்துவது கடினமாயிருந்தது. அனாதை விடுதிகளில் சிறைபோன்ற அறைகள் வைக்க நேர்ந்தது. நாய்களைப் போல் தின்னும் வழக்கத்துக்கு அவர்கள் ஆளாகியிருந்தார்கள். நல்ல உணவைக் கொடுத்தாலும் பிய்த்துக்கொண்டு ஓடி அசுத்தத்தைத் தின்றார்கள் என்பது அச்சாட்சியின் கருத்து. இதனைச் சொன்னவர் அவர்களுக்கு உணவளிக்கும் பணியோடு தொடர்புடையவர்தாம். அவர் சொன்னது பொய்யென்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் ஓடியிருப்பார்கள். அரசின் ஆணைப்படி லாரிகள் வந்து தெருவிலிருந்த அனாதரவானோரை வாரிச்சென்ற நாட்கள் அவை. தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஆனதுமுண்டு. தாயை விட்டுப் பிரித்துக் கதவடைத்த இடத்திலிருந்து ஆறு வயதுக் குழந்தை ஓடுவதற்கு ‘அலையும் பழக்கம்’ என்று பெயரிட ஒரு தனித் தொலைவு வேண்டும். அந்தத் தொலைவு வயிற்றுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ளது.

அதே வங்காளத்தைப் பற்றி நேர்மாறான குற்றச்சாட்டும் எழுந்தது. கடைகளில் அரிசி இருந்ததே, இனிப்புக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று செத்தார்களே, ஏன் பறித்துத் தின்னவில்லை? கோழைகளா? விதியை நம்பி வீழ்ந்த மூடர்களா? மாணிக் பந்தோபாத்யாய் எழுதிய சிறுகதை ஒன்றுக்கு ‘ஏன் பறித்துத் தின்னவில்லை’ என்ற கேள்வியே தலைப்பாக அமைந்தது. ஆக, பறித்தால் கொள்ளைக்காரன், பறிக்காவிட்டால் கோழை, அமைதியாகச் செத்தால் நாடாளுமன்றத்தில் புகழ், ஓடினால் பூட்டிய அறை. பசித்தவன் எதைச் செய்தால் பார்ப்பவருக்கு நிறைவு உண்டாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

பசி மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு அதே போர்க்காலத்தில் நடந்த ஆய்வொன்று விடை தருகிறது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அறிஞர் ஆன்செல் கீஸ் அதனைத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவின் பட்டினி மக்களுக்கு எவ்வாறு உணவளிப்பது என்பதை அறிவதே நோக்கம். மனச்சான்றின்படி ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்தனர். உடல்நலமும் கல்வியும் கொள்கையுறுதியும் உள்ளவர்கள். 24 வாரம் அவர்களுக்குப் பாதி வயிற்றுக்கே உணவு தரப்பட்டது. எடையில் கால்பங்கு குறைந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தட்டை நக்கினார்கள். ஒரு வேளை உணவை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு அளைந்தார்கள். சமையல் நூல்களைச் சேகரித்துப் படித்தார்கள். அற்பத்துக்கும் சினந்தார்கள், நகைச்சுவையை இழந்தார்கள், தனிமையை நாடினார்கள். சிலர் வாக்கை மீறித் திருட்டுத்தனமாகத் தின்று ஆய்விலிருந்தே நீக்கப்பட்டனர். பிறகு நிறைய உணவு கிடைத்த நாட்களிலும் உண்டெழுந்த கையோடு பசிக்கிறதென்றார்கள். என்றைக்கு இது முடியும் என்ற தேதி அவர்களுக்குத் தெரியும். தலைக்குமேல் குண்டு விழவில்லை. தங்கையை யாரும் புதைக்கவில்லை. வளர்ந்த ஆண்மக்களின் கதி இதுவென்றால், வங்காளத்துப் பிள்ளை நல்ல சோற்றை விட்டு ஓடியதை வியக்க என்ன இருக்கிறது?

வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள் என்ற குற்றச்சாட்டு ஒன்று எஞ்சியுள்ளது. அதற்கு நம் மொழி பேசும் மக்களிடமிருந்தே ஒரு செய்தியை எடுத்துக்காட்ட வேண்டியவர்களாக இருக்கிறோம். 2009-இல் ஈழத்து வன்னிப் போரின் இறுதி மாதங்களில் ஏறத்தாழ மூன்று இலட்சத்து முப்பதாயிரம் மக்கள் குறுகிய கடற்கரைப் பகுதியில் சிக்கியிருந்தனர் என்றும், அரசு அத்தொகையைக் குறைத்துக் கூறி அதற்கேற்பவே உணவு அனுப்பியதென்றும், ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் எழுதிற்று. உப்பும் தேங்காய்ப்பாலும் இருந்தால் அவற்றோடும், இல்லையேல் வெறும் நீரோடும் காய்ச்சிய கஞ்சியே அவர்கள் உணவு. அதனையே முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று ஆண்டுதோறும் மே மாதத்தில் வழங்கி நினைவுகூர்கின்றனர். அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் குழந்தைகளுக்கான பால்மாவுக்காகத் தாய்மாரும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். ஒழுங்காகவே நின்றார்கள். அந்த வரிசையின்மேல் எறிகணை விழுந்தது. இறந்த தாய்மாருள் சிலர் பால்மாவுக்குரிய அட்டையைக் கையில் பற்றியபடியே கிடந்தனர் என்று அதே அறிக்கை கூறுகிறது.

நாம் பாடம் நடத்தும் நூல்களுள் ஒன்று இமாம் அபூதாவூதின் ஸுனன். அதில் பசித்தவனைப் பற்றிய இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. அவை எந்தப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளன என்பது நோக்கத்தக்கது. தர்மத்தைப் பற்றிய பிரிவிலன்று, ஒழுக்கத்தைப் பற்றிய பிரிவிலுமன்று. ஜிஹாதைப் பற்றிய பிரிவில், வழிப்போக்கன் பிறர் தோட்டத்துக் கனியை உண்பது பற்றிய இடத்தில் அவை உள்ளன. போர் என்றால் பசித்த வயிறுகள் பிறர் தோட்டத்தைக் கடந்துபோகும் என்பதை அந்த இமாம் அறிந்திருக்கிறார்.

முதல் நிகழ்ச்சி அப்பாத் இப்னு ஷுரஹ்பீல் என்பவருடையது. வறட்சியால் பசித்து மதீனாவுக்கு வந்தவர், ஒரு தோட்டத்தில் புகுந்து கதிரைக் கசக்கித் தின்று, மேலும் கொஞ்சத்தைத் தம் துணியில் முடிந்துகொண்டார். தோட்டக்காரர் வந்து அவரை அடித்தார்; துணியைப் பறித்துக்கொண்டார். வழக்கு அண்ணலாரிடம் (ஸல்) வந்தது. தின்றவரை அவர்கள் விசாரிக்கவில்லை. தோட்டக்காரரைப் பார்த்து, அவன் அறியாதிருந்தபோது நீ கற்பிக்கவுமில்லை, பசித்திருந்தபோது ஊட்டவுமில்லை என்னும் பொருள்பட மொழிந்தார்கள். துணியைத் திருப்பித் தரச் செய்ததோடு, அவருக்கு ஒரு வஸக் அல்லது அரை வஸக் தானியமும் வழங்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு வஸக் என்பது அறுபது ஸாவு. ஒரு குடும்பத்துக்குப் பல நாள் காணும்.

இரண்டாவது, ராஃபிவு இப்னு அம்ர் அல்-கிஃபாரீ என்பவர் சிறுவராயிருந்தபோது நடந்தது. அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களில் கல்லெறிந்துகொண்டிருந்த அவரைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஏன் எறிகிறாய் என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டார்கள். தின்பதற்கு என்றான் பையன். மரத்தின்மேல் எறியாதே, கீழே விழுந்து கிடப்பதைத் தின் என்று சொல்லி, அவன் தலையைத் தடவி, இவன் வயிற்றை நிரப்புவாயாக என்று இறைவனிடம் வேண்டினார்கள். கல்லெறிவது தவறு என்பதும் சொல்லப்பட்டது. ஆனால் காரணம் கேட்டபின் சொல்லப்பட்டது.

இந்த அடிப்படையில்தான் பின்வந்த சட்ட அறிஞர்கள் நடந்தனர். ஹிஜ்ரி 18-இல் அரபு நாட்டைப் பெரும்பஞ்சம் தாக்கிய சாம்பல் ஆண்டில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். ஹாத்திபின் அடிமைகள் பிறர் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்ற வழக்கில், அவர்களைப் பட்டினி போட்டவர் எசமானரே என்று கண்டு, நானூறு திர்கம் மதிப்புள்ள ஒட்டகத்துக்கு அவர் எண்ணூறு திர்கம் தரவேண்டுமெனத் தீர்த்தார்கள். சாகுந்தறுவாயிலுள்ள பசியாளன், தேவைக்கு மிஞ்சிய உணவை வைத்துக்கொண்டு தர மறுப்பவனிடமிருந்து வலிந்தும் எடுக்கலாம் என்பது ஷாஃபியீ மத்ஹபின் நூலான மின்ஹாஜில் இமாம் நவவீ தரும் சட்டம். எடுத்ததன் விலை பின்னர் அவன்மேல் கடனாக நிற்கும் என்பதும் உண்டு. உடையவனின் உரிமையைச் சட்டம் மறந்துவிடவில்லை. பருவமெய்தாப் பிள்ளையின் கணக்கை எழுதும் எழுதுகோலோ உயர்த்தப்பட்டுவிட்டது. அவனுக்குக் குற்றமே எழுதப்படுவதில்லை. வானவர் எழுதாததை நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தியபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அந்தத் தோட்டக்காரரின் பெயர் என்ன?” என்று கேட்டார். ஹதீஸில் பெயரில்லை, தோட்டத்துக்கு உரியவர் என்றே உள்ளது. முப்பது ஆண்டுகளாக ஓதிக்கொடுத்தும் நாம் கவனியாத ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அப்பாதும் ராஃபிவும் பேசப்படுபவர்கள் மட்டுமல்லர். அவர்களே ராவிகள். தோட்டத்தில் புகுந்தேன், தின்றேன், அடித்தான் என்று சொல்பவர் அடிபட்டவர். நான் சிறுவனாயிருந்தேன், கல்லெறிந்தேன் என்று சொல்பவர் கல்லெறிந்தவர். அந்த இருவர் பெயரும் அறிவிப்பாளர் தொடரில் ஏறி, ஆயிரத்து நானூறு ஆண்டு கடந்து நம் வகுப்பறைக்கு வந்திருக்கிறது. அடித்தவரின் பெயர் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. கஞ்சித்தொட்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கோ பர்க் ராவி. கல்கத்தாப் பிள்ளைகளுக்கு விசாரணைக் குழுவின் சாட்சி ராவி.

இதை எழுதத் தொடங்குமுன் ஒரு மாலை பட்டினப்பாக்கம் சென்றிருந்தோம். சீனிவாசபுரத்துப் பக்கம் கடல் இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்த இளைஞர் சிலர் நம்மைப் பார்த்து, “யாரைத் தேடுறீங்க பாய்?” என்றார்கள். நமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிறுவனுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். இரண்டாவது பொட்டலம் யாருக்கென்று அன்று நாம் அவனைக் கேட்கவில்லை. அவன் அந்த நாளைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கக்கூடும். சொல்லியிருந்தால் அதில் நம் பெயர் இராது. பொட்டலம் வைத்திருந்த ஒரு பாய் என்றே இருக்கும்.